இரண்டாவது கேள்வி

"பேச்சித்தாய் அவர்களே, நீங்கள் காலை உணவு உட்கொண்டீர்களா?"

பதினேழாம் கட்டிலின் தலைமாட்டில் நின்ற பெட்டி கேட்டது. செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல். ஓர் எழுத்துகூடப் பிசகாத உச்சரிப்பு. கேட்டதும் பேச்சித்தாய் புண்ணுக்குக் கட்டுப் போட்ட காலை அவசரமாக இழுத்துக்கொண்டு, முந்தானையைத் தோளில் போர்த்தி, தாலுகா ஆபீசில் மனு கொடுக்க வந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆச்சு தாயி. வயிறு நெறஞ்சிட்டு."

திரை பச்சையானது. உள்ளே பூட்டு 'டக்'கென்று விட்டது. இழுப்பறை ஒரு விரற்கடை வெளியே வந்தது. அதில் பேச்சித்தாயின் பேர் ஒட்டிய இன்சுலின் பேனா, பன்னிரண்டு யூனிட் அளவு திருகி வைத்து, தயாராக இருந்தது. இனி நர்சு உலகம்மாள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உள்ளங்கையைத் திரையில் வைக்க வேண்டும், ஊசியைப் போட வேண்டும், அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும். பெண்கள் பொது வார்டில் நாற்பத்திரண்டு கட்டில். மூன்று நர்சு.

உலகம்மாள் கையை வைக்கவில்லை.

"என்ன சாப்டீங்க?"

"எது தாயி?"

"ஆச்சுன்னு சொன்னீங்கல்லா. என்ன ஆச்சு? இட்லியா, பொங்கலா? எத்தனை?"

பேச்சித்தாயின் கண் மகள் பக்கம் போய்விட்டு வந்தது. "இட்லிதான். ரெண்டு."

"சட்னி எப்படி?"

"கொஞ்சம் ஒறப்பு."

"இன்னைக்கு இட்லியே வரல. ரொட்டியும் பாலும்தான் வந்துச்சு."

பேச்சித்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாங்காய் திருடிப் பிடிபட்ட பிள்ளையின் சிரிப்பு. உலகு தலையணையைத் தூக்கினாள். பேப்பரில் சுற்றிய நான்கு ரொட்டித் துண்டுகள். பாலைக் காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தாள்.

கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்த இசக்கி தலையைக் குனிந்துகொண்டாள். இருபத்து மூன்று வயது. அம்மாவைப் போலவே உப்பளத்தில் உப்பு வாருகிறவள். அம்மாவின் காலில் புண் அழுகி இங்கே சேர்த்ததிலிருந்து பத்து நாளாக வேலைக்குப் போகவில்லை. நோயாளிக்கு ஆஸ்பத்திரி சோறு போடும். கூட இருக்கிறவளுக்கு யாரும் போடமாட்டார்கள். அது எந்தப் பட்டியலிலும் இல்லை.

"ஏட்டி, உங்கம்மா சோத்த நீ தின்னுட்டு, அவளுக்கு நான் இந்த ஊசியப் போட்டா என்ன ஆகும் தெரியுமா? சர்க்கரை மடமடன்னு எறங்கி ஆள் செத்துப் போவா. செத்துப் போவா, புரியுதா?"

இசக்கியின் கண் நிறைந்தது. உலகுவின் வாய் அப்படித்தான். உள்ளே இருக்கிற இரக்கம் வெளியே வரும்போது செருப்பு மாதிரி வந்து விழும்.

திரையில் 'மறுக்கிறேன்' என்ற சிவப்புக் கட்டத்தை அழுத்தினாள். இழுப்பறை உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டது. பெட்டி அதே செய்திக் குரலில் சொன்னது: "செவிலியர் உலகம்மாள், உங்கள் நம்பக மதிப்பெண் அறுபத்து இரண்டு."

இரண்டு மார்க் போனது.

அந்தப் பெட்டிக்கு 'அரண்' என்று பேர். நர்சுகள் வைத்த பேர் 'மாமியார்'. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு மாமியார். நோயாளியின் கைப்பட்டையைப் படிக்கும், மருந்தைப் படிக்கும், அளவையும் நேரத்தையும் சரிபார்க்கும். எல்லாம் பொருந்தினால்தான் திறக்கும். வந்த புதிதில் உலகுதான் அதற்கு முதல் ரசிகை. ஏனென்றால் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரே பேர் கொண்ட இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்து, ஒருத்தியின் ஊசி இன்னொருத்திக்குப் போய், அந்த அம்மாளின் உடம்பு தடித்து வீங்கி மூச்சுக்குத் தவித்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அரண் வந்த பிறகு அது நடக்கவில்லை. வார்டு வாசலில் ஒரு பலகை தொங்கியது: 'தவறு நிகழாத நாட்கள்: 211'. அந்த எண் பொய் இல்லை.

இன்சுலினுக்கு மட்டும் ஒரு கூடுதல் விதி வைத்தார்கள். சாப்பாட்டு வண்டி ஒருநாள் ஏழுக்கு வரும், ஒருநாள் எட்டரைக்கு வரும். சாப்பாட்டுக்கு முன்னால் ஊசியைப் போட்டுவிட்டுச் சோறு வராமல் நோயாளிகள் மயங்கி விழுந்ததால், சாப்பிட்டவுடன் போடுகிற வேகமான இன்சுலினுக்கு மாற்றினார்கள். சாப்பிட்டாளா என்று யார் கேட்பது? நர்சு மறந்துவிடுவாள். அதனால் பெட்டியே கேட்கட்டும் என்றார்கள்.

"மாமியார் கேட்டா ஆச்சுன்னு சொல்லணும், மருமக கேட்டா என்ன ஆச்சுன்னும் சொல்லணும். பேஷண்டு பாவம்ட்டி," என்றாள் ஜெபமலர், நர்சுகள் அறையில் டீயை ஆற்றியபடி. இருபது வருடச் சர்வீஸ், மதிப்பெண் தொண்ணூற்றெட்டு. "ஏ உலகு, நான் சொல்லுதேன் கேளு. மாமியாரோட மல்லுக்கு நிக்காத. வீட்லயும் சரி, வார்டுலயும் சரி, கடைசியில அவதான் ஜெயிப்பா."

"அந்தம்மா சாப்பிடலக்கா."

"அதுக்கு அவ பொறுப்பு. இல்லன்னா மாமியா பொறுப்பு. நீ ஏன் நடுவுல போய் நிக்க?"

உலகு டீயைக் குடித்தாள். காலையிலிருந்து வயிற்றுக்குள் போன முதல் பொருள் அதுதான்.

மத்தியானம் கண்காணிப்பாளர் அறைக்கு வரச் சொன்னார்கள். ரெஜினா மேடத்தின் மேசைக்கு எதிரே ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பையன் என்றால் இருபத்தெட்டு இருக்கும். கழுத்தில் கம்பெனி அட்டை, அஷ்வத் என்று. அரண் செய்கிற கம்பெனியிலிருந்து வந்திருக்கிறானாம்.

"சிஸ்டர், நான் உங்கள குத்தம் சொல்ல வரல," என்று ஆரம்பித்தான்.

"பிறகு எதுக்கு சார் வந்தீங்க?"

"உலகு!" என்றார் ரெஜினா மேடம்.

அஷ்வத் சிரித்துவிட்டான். கெட்டவன் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் சண்டை சுலபம்.

"நாலு மாசத்துல பத்தொம்பது தடவை மறுத்திருக்கீங்க. வார்டுல மத்தவங்க எல்லாரும் சேந்து ரெண்டு. எங்க ஆபீஸ்ல உங்க பேருக்குப் பக்கத்துல சிவப்பு வட்டம் போட்டிருக்கு."

"அந்தப் பத்தொம்பதுல எத்தனை பேர் நெசமாவே சாப்பிடாம இருந்தாங்கன்னு உங்க பெட்டியில இருக்கா?"

"இல்ல சிஸ்டர். அது வராது."

"ஏன் வராது?"

"நீங்க ஊசி போடல. அதனால யாருக்கும் ஒண்ணும் ஆகல. நடந்தது பதிவாகும். நடக்காதது எப்படிப் பதிவாகும்?"

"ஒண்ணும் நடக்காம இருக்கத்தான சார் இந்தப் பெட்டியவே கொண்டாந்து வச்சீங்க?"

ரெஜினா மேடம் குறுக்கே வந்தார். "டியூட்டி டாக்டர் பத்து நிமிஷத்துக்குள்ள வந்து ஒப்புதல் குடுத்தா மார்க் கொறையாதுல்ல? அதச் செய்யலாம்லா?"

"டாக்டர் எங்க மேடம் இருக்காரு? ஒத்த ஆளு நாலு வார்டு பாக்காரு. நான் போன் போட்டா எடுக்கவே இருபது நிமிஷம்."

"சரி, மிஷின் கேக்குறதுல என்ன பிரச்சனைன்னு சொல்லுங்க," என்றான் அஷ்வத். "சாப்பாடு வந்து எறங்கிருச்சான்னு பதிவு பாக்குது. அப்புறம் பேஷண்டுகிட்டயே நேரா கேக்குது. ரெண்டும் சரியா இருந்தாதான் தொறக்குது. இதுக்கு மேல என்ன செய்ய முடியும்?"

"உங்க வீட்டுக்கு ஒரு ஆள் வாராரு. சாப்டீங்களான்னு கேக்கீங்க. என்ன சொல்லுவாரு?"

"சாப்டேன்னு சொல்லுவாரு."

"பட்டினியா வந்திருந்தாலும்?"

கொஞ்சம் யோசித்தான். "சாப்டேன்னுதான் சொல்லுவாரு."

"அவ்வளவுதான் சார் விசயம். சாப்டீங்களாங்கறது எங்க ஊர்ல கேள்வியே கிடையாது. அது வணக்கம் மாதிரி. ஆச்சுங்கறது பதிலும் கிடையாது. திருப்பிச் சொல்லுற வணக்கம். அதுலயும் உங்க பெட்டி பேசுற தமிழக் கேட்டா, கலெக்டர் ஆபீஸ்ல இருந்து விசாரிக்காவன்னு நெனச்சுப் பயந்துக்கிட்டே ஆச்சுங்காளுக. சாப்பிடலன்னு சொல்ல வெக்கம். ரொட்டிய மகளுக்கு எடுத்து வச்சேன்னு சொல்ல அதவிட வெக்கம். என்ன சாப்டீங்கன்னு கேக்கணும். எத்தனைன்னு கேக்கணும். சட்னி எப்படின்னு கேக்கணும். அந்த ரெண்டாவது கேள்வியிலதான் மாட்டுவாளுக."

அஷ்வத் தன் கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் வேகமாகக் குறித்துக்கொண்டான். "இத இதுவரைக்கும் யாருமே எங்களுக்குச் சொல்லல சிஸ்டர்."

"நீங்க யார்ட்டயும் கேக்கல சார்."

"கண்டிப்பா அடுத்த அப்டேட்ல சேக்கலாம். மூணு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

அவன் ரெஜினா மேடத்தைப் பார்த்தான். பதில் அவரிடம் இருந்தது. "அதுவரைக்கும் கையை வச்சிட்டு அடுத்த கட்டிலுக்குப் போ. வெள்ளிக்கெழம மத்தியானம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற நர்சுக பட்டியல் மேல போகுது. அறுபதுக்குக் கீழ இருக்கவங்க பேர பெட்டியே அடிச்சிரும். என் கையில ஒண்ணும் இல்ல உலகு. எனக்கும் ஒரு மார்க் இருக்கு."

அது உலகுவுக்குத் தெரியாது. வெளியே வந்தபோது, ரெஜினா மேடத்தின் மார்க் எவ்வளவாக இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தாள்.

புதன்கிழமை முப்பத்தொன்றாம் கட்டிலில் இன்னொரு மறுப்பு. அந்த அம்மாள் காலையில் வாந்தி எடுத்ததைத் துடைத்துவிட்டு 'ஆச்சு' என்றிருந்தாள். மதிப்பெண் அறுபது. இன்னும் ஒன்று என்றால் ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு என்றால் ஆறு வருடம் இந்த வார்டில் நின்ற கால்களுக்கு வெள்ளிக்கிழமையோடு ஓய்வு.

உலகுவிடம் ஒரு தாள் உண்டு. முதல் பட்டதாரிச் சான்றிதழ். அதை வாங்க அவள் அப்பா ஏழு நாள் கல் குவாரி வேலையை விட்டுவிட்டு அலைந்தார். இந்தக் குடும்பத்தில் இதற்கு முன் ஒருத்தர்கூடக் காலேஜ் வாசலை மிதித்ததில்லை என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த தாள். மற்றவர்கள் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். அவள் வீட்டில் அந்தத் தாளைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். வருகிறவர்களிடம் அம்மா அதைக் காட்டுவாள், எங்கள் தலைமுறைகளின் வெறுமையைப் பாருங்கள் என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி. அதைப் பார்க்கும்போதெல்லாம் உலகுவுக்குப் பெருமை வராது. கோபம்தான் வரும். எத்தனை பேர் படிக்காமல் போனதற்கு இது சான்றிதழ்?

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா போன் போட்டாள்.

"சாப்பிட்டியாட்டி?"

"ஆச்சும்மா."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று உலகுவுக்கு உறைத்தது. காலையில் ஒரு டீ, மத்தியானம் ஒரு டீ. அவ்வளவுதான். யோசிக்கவே இல்லை. கேள்வி வந்தது, பதில் தானாகப் போனது.

"வேலைய நீட்டிச்சு எழுதி வந்துட்டா?"

"வந்துரும்மா."

"ஒந்தங்கச்சி காலேஜுல இருந்து கூப்பிட்டாவ. அடுத்த வாரத்துக்குள்ள பணங்கட்டிச் சேக்கணுமாம். நீ இருக்கன்னு சொல்லிட்டேன்."

"நான் இருக்கேம்மா."

வெள்ளிக்கிழமை காலை ஏழு ஐம்பது. பதினேழாம் கட்டில். ஆறரைக்கு விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை இருநூற்றறுபது. பெட்டி பதினான்கு யூனிட் திருகி வைத்திருந்தது.

"பேச்சித்தாய் அவர்களே, நீங்கள் காலை உணவு உட்கொண்டீர்களா?"

"ஆச்சு தாயி."

திரை பச்சை. 'டக்'.

பேச்சித்தாய் பெட்டியைப் பார்க்கவில்லை. உலகுவின் முகத்தைப் பார்த்தாள். உதட்டின் ஓரத்தில் அந்தச் சிரிப்பு தயாராக இருந்தது. இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தாள். இன்றைக்கு எப்படி மாட்டப்போகிறோம் என்று பார்க்கிற மாதிரி, மாட்டிக்கொள்வது ஒரு விளையாட்டு மாதிரி, ஒரு நிமிடம் காத்திருந்தாள்.

உலகு அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பிற்பாடு ஒருநாளும் அவளால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

பதினொன்று, பன்னிரண்டு கட்டிலில் நேரமாகிவிட்டது. பெட்டி கேட்டாயிற்று. கிழவி சொல்லியாயிற்று. மத்தியானம் பட்டியல் போகிறது. நீ இருக்கன்னு சொல்லிட்டேன் என்றாள் அம்மா.

உள்ளங்கையைத் திரையில் வைத்தாள். பேனாவை எடுத்தாள். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசியைப் போட்டாள்.

பேச்சித்தாயின் சிரிப்பு மெல்ல அவிந்தது. பெரிய இடத்தில் சரி என்று முடிவு செய்துவிட்டார்கள், அப்படியானால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தாள்.

எட்டேகாலுக்கு இசக்கி ஸ்கேன் சீட்டுக்காக வரிசையில் நிற்கப் போனாள். போகும்போது அம்மா கையில் திணித்ததை வரிசையில் நின்றபடி தின்றாள். இரண்டு இட்லி.

ஒன்பதரைக்குப் பெரிய டாக்டர் பின்னால் பத்துப் பேரோடு வந்தார். பதினேழாம் கட்டிலில் முகம் வரை போர்வை. திரை பச்சை. "தூங்கட்டும், எழுப்பாதீங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நல்ல மனுசர். தூங்குகிற நோயாளியை எழுப்ப மாட்டார்.

பத்தே முக்காலுக்குத் திரும்பி வந்த இசக்கி, போர்வையை விலக்கி, "யம்மா" என்றாள். பிறகு போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து நின்றது.

சேலை, மெத்தை, தலையணை எல்லாம் வேர்வையில் ஊறியிருந்தன. வாய் ஒரு பக்கம் கோணி இழுத்துக்கொண்டிருந்தது. உலகு ஓடிவந்து விரலில் குத்தினாள். இருபத்தொன்று. குளுக்கோஸை நரம்பில் ஏற்றக் கை தன்னால் வேலை செய்தது. பெட்டி மட்டும் அவசரப்படவில்லை. "குளுக்கோஸ் இருபத்தைந்து சதவீதம். நோயாளி பொருத்தம் சரி. மருந்து பொருத்தம் சரி," என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் திறந்தது.

சர்க்கரை ஏறியது. பேச்சித்தாய் கண் திறந்தாள். ஆனால் அந்தக் கண்ணுக்குப் பின்னால் யாரும் இல்லை. மூளைக்குப் போக வேண்டியது ரொம்ப நேரம் போகவில்லை என்றார் டியூட்டி டாக்டர்.

தலையணைக்குக் கீழே அன்றைக்கு ஒன்றும் இல்லை. அங்கே வைத்தால் சிஸ்டர் கண்டுபிடித்துவிடுவார் என்று இசக்கியின் கையிலேயே கொடுத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை விசாரணை நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அஷ்வத் அரணின் பதிவை ஓடவிட்டான். 'நீங்கள் காலை உணவு உட்கொண்டீர்களா?' 'ஆச்சு தாயி.' அந்தக் குரலை மறுபடி கேட்டபோது உலகு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நோயாளி சரி, மருந்து சரி, அளவு சரி, நேரம் சரி, உணவு உறுதி," என்று படித்தார் நடுவில் இருந்தவர். "செவிலியர் பக்கம் பிழை இல்லை. இயந்திரத்தின் பக்கமும் பிழை இல்லை. நோயாளி தவறான தகவல் அளித்திருக்கிறார்."

"சார், நான் கேக்கல," என்றாள் உலகு.

"என்ன?"

"நான் எப்பவும் ரெண்டாவது ஒரு கேள்வி கேப்பேன். அன்னைக்குக் கேக்கல. அவுக சாப்பிடலன்னு எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. மார்க்குக்காகக் கைய வச்சேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "இங்க பாரும்மா. கேட்டது மிஷின். பதில் சொன்னது பேஷண்ட். உன் மேல ஒரு தப்பும் இல்லன்னு நாங்களே எழுதுறோம். நீ ஏன் இல்லாத தப்ப இழுத்துத் தலையில போட்டுக்கிற? சந்தேகம்னு எழுதணும்னா அதுக்கு இந்தப் படிவத்துல கட்டமே இல்ல."

"அந்தக் கைப்பட்டையிலேயே சர்க்கரை பாக்குற வசதி இருக்காமே சார், பெரிய ஆஸ்பத்திரிகள்ல? எறங்கினா மணி அடிக்குமாமே?"

"அது நம்ம ஒப்பந்தத்துல இல்ல," என்றான் அஷ்வத், மேசையைப் பார்த்தபடி.

வெளியே வராண்டாவில் இசக்கி நின்றிருந்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று உலகு எதிர்பார்த்தாள். அப்படி நடந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருக்கும் சிஸ்டர்," என்றாள் இசக்கி. குரலில் கோபமே இல்லை. "உங்ககிட்ட மட்டும் அதுக்குப் பொய் நிக்காது. உங்களப் பாத்தா சிரிச்சிரும்."

வார்டு வாசலில் பலகை இருநூற்று இருபது காட்டியது. வெள்ளிக்கிழமையன்றுகூட அது நிற்கவில்லை. நிற்க ஒரு காரணமும் இல்லையே.

ஒப்பந்தம் புதுப்பித்து வந்தது. பதினொரு பக்கம். உலகு கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டாள். தங்கச்சி காலேஜில் சேர்ந்தாள். அதன் பிறகு உலகு ஒவ்வொரு கட்டிலிலும் இரண்டாவது கேள்வியைக் கேட்டாள். பெட்டி மார்க்கைக் குறைத்தால் குறைக்கட்டும் என்று கேட்டாள். வேடிக்கை, மார்க் குறையவில்லை. 'மேம்பாட்டு ஆய்வுக்காக உங்கள் மதிப்பெண் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்றது திரை. என்ன ஆய்வு என்று கேட்க உலகுவுக்கு நேரமில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, வார்டுக்குள் நுழைந்தபோது பதினெட்டாம் கட்டிலில் தன் குரல் கேட்டது.

"என்ன சாப்டீங்கம்மா?"

உலகு அப்படியே நின்றுவிட்டாள். அவள் வாய் மூடித்தான் இருந்தது.

"எத்தனை? சட்னி எப்படி இருந்துச்சு?"

அதே இழுவை. 'சட்னி'யில் அதே அழுத்தம். பதினெட்டாம் கட்டிலின் அம்மாள் பெட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ரெண்டு இட்லி சிஸ்டர்," என்றாள். திரை பச்சை. 'டக்'.

ஜெபமலர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, மாமியா உன் தொண்டையப் புடுங்கிட்டா பாத்தியா!" சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

அஷ்வத் வந்திருந்தான். கையில் இனிப்புப் பெட்டி. "சிஸ்டர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. உங்க மறுப்பு ஒவ்வொண்ணையும் திரும்பக் கேட்டோம். மிஷின் குரலுக்குப் பொய் சொன்னவங்க எல்லாரும் உங்க குரலுக்கு உண்மை சொல்லியிருக்காங்க. ஒருத்தர் விடாம! கேள்விய மட்டும் மாத்திப் பாத்தோம், சரியா வரல. குரல்தான் விசயம். முந்நூத்திப் பத்து ஆஸ்பத்திரில நேத்து சாயந்தரத்துல இருந்து நீங்கதான் கேக்குறீங்க."

"என்னைய யாரும் கேக்கலையே?"

"ஒப்பந்தத்துல ஏழாம் பக்கம் இருக்கு சிஸ்டர். பணியிடத்துல பதிவாகுற குரல்..." என்று இழுத்தான். பிறகு தணிந்த குரலில், "நீங்க படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்," என்றான்.

படித்தவள்தானே. அரசாங்கமே சான்றிதழ் கொடுத்திருக்கிறது.

"பதினெட்டாம் கட்டில்ல ரெண்டு இட்லின்னு சொன்னாங்கல்லா," என்றாள் உலகு. "இன்னைக்குப் பொங்கல்."

அஷ்வத்தின் முகம் மாறியது. உலகு போய் அந்த அம்மாளின் தலையணையைத் தூக்கினாள். பொங்கல் பொட்டலம் அப்படியே இருந்தது. வாசல் பக்கம் வரிசையில் நின்ற துணையாட்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். முதல் நாளே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குரல் கேட்டால் ரெண்டு இட்லி என்று சொல்லு. சொல்லாவிட்டால் ஊசி கிடையாது, ஊசி இல்லாவிட்டால் சர்க்கரை குறையாது, குறையாவிட்டால் வீட்டுக்கு விடமாட்டார்கள். உலகுவின் குரலுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு ஓர் இரவு போதுமானதாக இருந்தது. தலையணையைத் தூக்கிப் பார்க்கக் கை இல்லாத குரல் அது என்று சீக்கிரமே கண்டுகொண்டார்கள்.

"இதையும் குறிச்சுக்கறேன்," என்றான் அஷ்வத். "அடுத்த அப்டேட்ல..."

உலகு பதினெட்டை மறுத்துவிட்டு, ஒரு கட்டில் பின்னால் வந்தாள்.

பதினேழு. பேச்சித்தாய் மல்லாந்து கிடந்தாள். மூக்கில் குழாய். அதன் வழியாகத்தான் கஞ்சி. கண் திறந்து விட்டத்தைப் பார்த்தபடி இருந்தது. இசக்கி பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் உப்புக் காய்த்த உள்ளங்கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர்," என்றாள் நிமிராமல். "நேத்து உங்களுக்கு லீவுதான?"

"ஆமா."

"நேத்து சாயந்தரத்துல இருந்தே நீங்க கேட்டுக்கிட்டு இருக்கீங்க."

பெட்டி விழித்தது. கைப்பட்டையைப் படித்தது. மருந்தைப் படித்தது. பிறகு, கண்டிப்பும் செல்லமுமாக, மாட்டிக்கொள்ளப் போகிறவளிடம் கேட்கிற அதே தொனியில் கேட்டது:

"என்ன சாப்டீங்கம்மா?"

பேச்சித்தாய் விட்டத்தைப் பார்த்தாள். திரையில் எண்கள் முப்பதிலிருந்து இறங்கின. உதட்டின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள் உலகு. ஒன்றும் அசையவில்லை. எண் முடிந்தது. திரை மஞ்சளானது. எழுத்துகள் வந்தன: 'நோயாளியிடமிருந்து பதில் இல்லை. செவிலியர் பதிலளிக்கவும்.'

குழாய்க் கஞ்சி, இருநூறு மில்லி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொன்னால் பச்சையாகும்.

"என்ன சாப்டீங்கம்மா?" என்று கேட்டது அவள் குரல், அவளைப் பார்த்து.

"நான் கேக்கல," என்றாள் உலகு.

இசக்கியின் கை நின்றது.

"பதில் புரியல," என்றது பெட்டி. "இன்னொரு தடவ சொல்லுங்க."

"அன்னைக்கு நான் கேக்கல."

"பதில் புரியல. இன்னொரு தடவ சொல்லுங்க."

பின்னால் இருபத்து நான்கு கட்டில் காத்திருந்தது. பெட்டியே கேட்டுக்கொள்வதால் வேலை குறைந்துவிட்டது என்று, அந்த வாரத்திலிருந்து வார்டுக்கு இரண்டு நர்சு.